நாயைப் பிடிங்க

கர்த்தருக்குப் பயந்து நடக்க வேண்டிய ஊழியக்காரி மிரான், கர்த்தரைவிட நாய்களுக்குத்தான் அதிகம் பயந்தாள். இதை வாய்விட்டு யாரிடம் சொல்வது? ஐம்பத்தொன்பது வயது. கொரியாவில், ஆன்சான் நகரத்துத் தொழிற்சாலைக் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷம் நானூறு பேருக்குச் சோறு போட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, மீதி நாளைக் கர்த்தருக்குக் கொடுக்கிறேன் என்று தானாகக் கை தூக்கி மங்கோலியாவுக்கு வந்தவள். வழியனுப்பிய ஞாயிற்றுக்கிழமை சபையார் முந்நூறு பேரும் அவளை நோக்கிக் கையை நீட்டி ஒரே சத்தத்தில் ஜெபித்தார்கள். குளிருக்காக ஜெபித்தார்கள், மொழிக்காக ஜெபித்தார்கள், அவளுடைய முழங்கால் வலிக்காகக்கூட ஜெபித்தார்கள். நாயைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில் வளவுக்கு ஒரு நாய். பலகை வேலி, உள்ளே கம்பளிக் கூடாரம், கூடாரத்தைக் காக்க ஒரு நாய். சிலதைக் கட்டியிருந்தார்கள், சிலதைக் கட்டவில்லை, சிலது யாருடையது என்று நாய்க்கே தெரியாது. ஆறு வயதில் கடிபட்ட தழும்பு மிரானின் கெண்டைக்காலில் இன்னும் இருந்தது. ஜெபக்கூடத்தின் பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து தண்ணீர்க் கடை வரைக்கும் இருநூறு அடி. அந்த இருநூறு அடியைக் கடக்க அவள் தினமும் காலையில் அரைமணி நேரம் ஜெபித்தாள். கேனை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போவாள். எங்கேயாவது ஒரு குரைப்பு கேட்டால் வண்டியை முன்னால் தள்ளி, அதற்குப் பின்னால் ஒளிவாள். நிரப்பின தண்ணீரில் பாதி வழியிலேயே சிந்தி உறைந்துபோகும்.

ஊழியக் குழுவில் தெல்கர்மா என்று ஒருத்தி. உள்ளூர்க்காரி, நாற்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். வந்த முதல் வாரமே மிரானைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள்.

"வேலிக்கு வெளிய நின்னு 'நாயைப் பிடிங்க'ன்னு கத்தணும், அக்கா. அவ்வளவுதான். உள்ள இருக்கவங்க வந்து நாயைப் பிடிச்சுக்குவாங்க, நீங்க உள்ள போகலாம்."

"நாய் இல்லாத வீடா இருந்தா?"

"அங்கயும் இதேதான். இங்க யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. கதவைத் தட்டுனா போலீஸ்னு நினைச்சுக்குவாங்க."

"தெருவுல எதிர்ல வந்தா?"

"கல்லெடுக்கற மாதிரி குனிங்க, ஓடிரும். ஆனா நீங்க குனிஞ்சா எந்திரிக்கவே அரைநாள் ஆகுமே!" என்று சொல்லிவிட்டுத் தெல்கர்மாவே சிரித்தாள்.

ஊழியக் குழுவின் தலைவர் நோ என்ற கொரியப் பாஸ்டர். இளைஞர், நல்லவர், ஆனால் கறார். மூன்று மாதம் பார்ப்பார். வாரத்துக்கு ஆறு வீடு தனியாகப் போய்ப் பார்த்து, உட்கார்ந்து பேசி, ஜெபித்து வருகிறவர்களை இருக்கச் சொல்வார். முடியாதவர்களை, "அம்மா, உங்க ஊழியம் உங்க ஊர்லயே இருக்கு" என்று பணிவாக விமானம் ஏற்றிவிடுவார். மிரானுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். மூன்றே மாதத்தில் திரும்பிப் போய் அந்த முந்நூறு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? ஆன்சானில் அவளுக்கென்று இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. திரும்பிப் போக ஒரு கதவுகூட இல்லை.

மிரான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததற்கு அவளே வெட்கப்பட்டாள், ஆனாலும் விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று, "நாயைப் பிடிங்க" என்று சொல்வாள். தொண்டைக்குள்ளேயே சொல்வாள். மூன்று தடவை சொல்லிவிட்டு, விறுவிறுவென்று திரும்பி நடந்து, சந்திப்பு நோட்டில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிவிடுவாள். பொய்யில்லை பாருங்கள், கூப்பிட்டாள்தானே! கர்த்தருக்கும் நோ பாஸ்டருக்கும் இந்தக் கணக்கு போதும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். நாய் இல்லாத இரண்டு வீடுகளுக்கு மட்டும் போய், வயிறு முட்ட உப்புப் பால் தேநீர் குடித்துவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை வீடு நோமினுடையது. நோமின் இருபத்தாறு வயதுப் பெண். உயங்கா என்று நாலு வயது மகள். புருஷன் கொரியாவில், அதுவும் மிரானின் ஆன்சானிலேயே, ஏதோ பெயிண்ட் கம்பெனியில் வேலை. அவர்களுடைய நாய்க்குப் பாசர் என்று பெயர். கறுப்பு, கழுத்தில் சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி மயிர், குரைத்தால் வேலிப் பலகை அதிரும். பலகை இடுக்கில் அதன் மூக்கையும் பல்லையும் மட்டுந்தான் மிரான் பார்த்திருக்கிறாள். அது போதாதா?

ஒவ்வொரு செவ்வாயும் ஒன்று நடக்கும். அவள் மூன்று தடவை முனகிவிட்டு, திரும்பி நாலெட்டு வைத்ததும், முதுகுக்குப் பின்னால் கூடாரக் கதவு கிறீச்சென்று திறக்கும். மிரான் அது காதில் விழாதது மாதிரி நடையை எட்டிப் போடுவாள். பத்து செவ்வாய் இப்படிப் போயிற்று.

பதினோராவது செவ்வாய் ஜனவரியில் வந்தது. காலை பத்து மணி. மூக்கு மயிர் உறைகிற குளிர். மிரான் வழக்கம்போல மூன்று தடவை முனகினாள். பாசர் பலகைமேல் பாய்ந்தது. அவள் திரும்பினாள். நாலெட்டு. ஐந்து. பத்து.

கதவு கிறீச்சிடவில்லை.

அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள். நிஜமாகவே ஆள் இல்லை, இன்றைக்கு எழுதப்போவது சுத்தமான உண்மை. பென்சிலை எடுத்தாள், எழுத வரவில்லை. மெல்லத் திரும்பி வந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். கூடாரக் கதவில் வெளிப்பூட்டு இல்லை. வெளியே போகிறவர்கள் பூட்டாமல் போக மாட்டார்கள். உயங்காவின் சறுக்கு வண்டி கதவோரம் கிடந்தது. புகைக்குழாயிலிருந்து நூல் மாதிரி ஒரே ஒரு கோடு புகை வந்துகொண்டிருந்தது. பக்கத்து வளவுகளில் எல்லாம் குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் ஒரு கோடு.

கரியடுப்பின் விஷப்புகையைப் பற்றி ஞாயிறுதோறும் ஜெபக்கூடத்தில் சொல்வார்கள். போன மாதம்தான் கீழ்த் தெருவில் ஒரு குடும்பம் தூங்கினபடியே போயிருந்தது.

மிரான் கைபேசியை எடுத்தாள், குளிரில் அது செத்துக் கிடந்தது. "நோமின்!" என்று கூப்பிட்டாள். பிறகு கேண்டீனில் நானூறு பேரை வரிசைக்கு வரவைத்த அந்தப் பழைய குரலில் கத்தினாள்: "நாயைப் பிடிங்க! நோமின்! நாயைப் பிடிங்க!"

நாய்தான் பதில் சொன்னது. நோமினைத்தானே கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்து வளவுக்காரர்கள் இருந்துவிட்டார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை. ஓடிப்போய்த் தெல்கர்மாவைக் கூட்டி வரலாம், பத்து நிமிஷம் ஆகும். அந்த யோசனை அவ்வளவு இனிப்பாக இருந்தது. கால்கள் அதற்குள் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டன. எனக்கு வயசாச்சு, நான் உள்ளே போய் என்ன கிழித்துவிடப் போகிறேன், ஆள் கூட்டி வருவதுதான் புத்தி... இப்படி ஆயிரம் நியாயம் பயத்துக்கு எங்கிருந்துதான் கிடைக்கிறதோ!

உள்ளே நாலு வயதுக் குழந்தை இருந்தது. அந்த ஒன்றுதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

"ஆண்டவரே, என் கண்ணை மூடிக்கிறேன், நீங்க பாத்துக்குங்க" என்று வேலிக் கதவின் கொக்கியை எடுத்தாள். கண்ணை நிஜமாகவே மூடிக்கொண்டாள். ஓடினாள். இடப்பக்கம் சங்கிலி சலசலத்தது, உறுமல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது, அலறிக்கொண்டே விழுந்தாள். பனியில் முகம் புதைய, கெண்டைக்காலில் பல் இறங்குவதற்காகக் காத்துக் கிடந்தாள். இறங்கவில்லை. எழுந்து பார்க்கத் தைரியம் இல்லை. நாலு காலில் தவழ்ந்தே கூடாரத்துக்குப் போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே அடுப்பு தகதகவென்று சூடாக இருந்தது. நோமின் அடுப்பருகில் குப்புற விழுந்திருந்தாள். கையில் கரண்டி. குழந்தை கட்டிலில் கன்னம் சிவந்து, தூங்குகிற மாதிரி கிடந்தது. மிரான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையை வாரி வெளியே பனியில் போட்டாள். திரும்பப் போய் நோமினின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். அரிசி மூட்டை இழுத்த உடம்பு, அன்றைக்குக் கைகொடுத்தது. வாசலைத் தாண்டியதும் தலை கிறுகிறுத்து அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

உதவிக்குக் கூப்பிட வேண்டும். 'காப்பாற்றுங்கள்' என்பதற்கு மங்கோலிய வார்த்தை ஒன்று உண்டு, படித்திருக்கிறாள். வரவில்லை. வருவதற்கு முன்பிருந்தே ஆறு மாதம் படித்த மொழி மொத்தமும் ஓடிப்போய், ஒரே ஒரு வாக்கியம் மிச்சமிருந்தது. அதையே வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"நாயைப் பிடிங்க! நாயைப் பிடிங்க! நாயைப் பிடிங்க!"

அந்த ஊரில் அந்தக் குரலுக்கு எழுந்து வராத ஆள் கிடையாது. பக்கத்து வளவு லாரிக்காரர் உள்சட்டையோடு வேலிமேல் தலை நீட்டினார். "யாருடி அது, நாயைப் பிடி நாயைப் பிடின்னு ஊரையே..." என்று ஆரம்பித்தவர், பனியில் கிடந்த இரண்டு பேரையும் பார்த்ததும் வேலியை அப்படியே ஏறிக் குதித்தார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோ பாஸ்டர் மிரானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கர்த்தரே அந்த நாயோட வாயைக் கட்டியிருக்கார், அம்மா! இந்த மாச ஜெபக் கடிதத்துல இதுதான் முதல் செய்தி. பத்து வாரமா விடாம அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கீங்க, நோட்டுல பாத்தேன். மூணு மாசக் கணக்கெல்லாம் இனி எதுக்கு? நீங்க இங்கதான் இருக்கணும்."

மிரான் தலையைக் குனிந்துகொண்டாள். வாய் திறந்தால் போயிற்று. திறக்காவிட்டால் இருக்கலாம்.

வார்டில் நோமின் கண் விழித்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். உயங்கா அடுத்த கட்டிலில் ஜெல்லி சப்பிக்கொண்டிருந்தாள். தெல்கர்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் நோமின். குரல் நூலாக வந்தது. "உங்க ஊர்ல எல்லாரும் இவ்வளவு மெதுவாவா கூப்பிடுவாங்க? செவ்வாய்க்கிழமை ஆனா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். நான் கதவைத் தொறந்து வேலிகிட்ட வர்றதுக்குள்ள நீங்க முக்குத் திரும்பிருவீங்க."

மிரான் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஆன்சான் எப்படி இருக்கும்னு உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அவர் ஃபோன்ல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறார், அவ்வளவுதான். நீங்க பாசருக்குப் பயப்படுவீங்களோன்னு ரெண்டாவது வாரமே அதோட சங்கிலியைப் பாதியா முடிஞ்சு வச்சேன். வேலி ஓரம் எட்டும், பாதைக்கு எட்டவே எட்டாது."

"ஓ, கர்த்தர் கட்டுன கட்டு இதானா!" என்றாள் தெல்கர்மா. நோமின் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு எப்படியாவது உங்களை உள்ள உக்கார வச்சுரணும்னு நினைச்சேன். கறிக் கொழுக்கட்டை செஞ்சேன். நீங்க குளிர் தாங்காதவங்கன்னு தெல்கர்மா அக்கா சொன்னாங்க. அடுப்பு நிறையக் கரி போட்டு, சூடு வெளிய போகாம இருக்கட்டும்னு புகைக்குழாய்த் தகட்டைத் திருப்பி மூடுனேன். மூடக் கூடாதுன்னு தெரியும். கொஞ்ச நேரந்தானே, நீங்க வந்ததும் திறந்துக்கலாம்னு..."

மிரான் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நாயைப் பார்த்துப் பட்ட பயமெல்லாம் இந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. பத்து செவ்வாயில் ஒரு செவ்வாய் அவள் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருந்தால் இந்தப் பெண்ணும் குழந்தையும் இன்று வீட்டில் கொழுக்கட்டை தின்றுகொண்டிருப்பார்கள்.

"நீ வெளிய வந்துரக் கூடாதுன்னுதான் மெதுவா கூப்பிட்டேன், நோமின்" என்றாள். தெல்கர்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நாய்னா எனக்கு உயிர் போற பயம். கதவு தொறக்கற சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் போனேன்."

உயங்கா அடுத்த ஜெல்லியை வாயில் போட்டுக்கொண்டாள். நோமின் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இதோடு முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மிரான் நினைத்தாள். பாஸ்டர் இன்னும் வராந்தாவில்தான் இருந்தார். அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டால் ஒரே மூச்சில் எல்லாம் முடியும்.

"அக்கா" என்றாள் நோமின், சுவரைப் பார்த்தபடியே. "எங்களை நாளன்னிக்குத்தான் விடுவாங்களாம். பாசருக்குச் சோறு வைக்க ஆள் இல்ல. காலைல இருந்து பட்டினி."

"லாரிக்காரர்கிட்ட சொல்லிரலாம்" என்றாள் தெல்கர்மா.

"நான் மிரான் அக்காகிட்டதான் கேட்டேன்" என்றாள் நோமின்.

பாஸ்டரிடம் சொன்னபோது அவர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை பேசுவோம்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் 'அம்மா' இல்லை.

இருட்டுவதற்கு முன்னால் மிரான் எலும்புக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு மேடேறினாள். சங்கிலி பாதிதான் என்று இப்போது தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பாதைக்குத்தான் எட்டாது. சோற்றை அதன் வாய்க்கிட்டே கொண்டுபோய் அல்லவா வைக்க வேண்டும்! பசித்த நாய் பலகைக்கு அந்தப் பக்கம் குரைத்தது.

பிடிக்க உள்ளே ஒருத்தரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மேட்டிலுள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "நாயைப் பிடிங்க!" என்று கத்திவிட்டு, கண்ணைத் திறந்தபடியே கொக்கியை எடுத்தாள்.