மதரிடம் சொன்ன குறைகள்

மதர் வரப்போகிற நாளில் தையற்காரி காலையிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மகளைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் அவள் சொல்லப் போவதில்லை. உள்ளதைச் சொன்னாலே போதும், எந்த மடமும் வாசலோடு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை.

ஒரே மகள், வயது இருபத்தொன்று. வாயைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர் வக்கீல். கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று ஆறு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். லாரி ஓட்டுகிற அப்பா மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். "அவ இஷ்டம்" என்று போனில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். ஆண்களுக்கு அது சுலபம். மீதி இருபத்தாறு நாளும் தையல் மெஷினோடு பேசிக்கொண்டு உட்காரப் போவது இவளல்லவா?

ஆதரவில்லாத முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற மடம் அது. சேர விரும்புகிற பெண்ணின் வீட்டுக்கு மடத்தின் தலைவியான மதர் நேரில் வருவார். பெற்றவளிடம் பேசாமல், அவள் கையெழுத்தில்லாமல் யாரையும் எடுப்பதில்லை. அந்த ஒரு கையெழுத்தைத்தான் தையற்காரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மதர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒடிசலான உடம்பு, கையில் ஒரு ஃபைல். தையற்காரி நாற்காலியில் கிடந்த பள்ளிச் சீருடைகளை அள்ளி வெட்டும் மேஜைமேல் போட்டாள். குண்டூசி ஏதும் கிடக்கிறதா என்று நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு அவரை உட்காரவைத்தாள். மகள் டீ போட அடுக்களைக்குள் போனாள்.

"சின்ன வயசுல மககிட்ட என்னென்ன நல்ல குணம் பார்த்தீங்க? எழுதணும்" என்றார் மதர்.

"நல்ல குணமா? ஒளிச்சு மறைக்காம சொல்றேன் மதர். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனப்ப இவளுக்கு எட்டு வயசு. இவ பாவத்தை மட்டும் சொல்லிட்டு வரவேண்டியதுதானே? வீட்டுல எல்லாரோட பாவத்தையும் நோட்டுல எழுதிட்டுப் போய் சாமியார்கிட்ட வாசிச்சிருக்கா."

மதரின் பேனா நின்றது. "எல்லாரோடதுமா?"

"அவங்க அப்பா ரோட்டுல திட்டுற வார்த்தை அத்தனையும். நான் மிச்சத் துணியைத் திருப்பிக் குடுக்கிறதில்லங்கறதும். சாமியார் இவளுக்குப் பரிகாரமா மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம்தான் சொல்லச் சொன்னாராம். இவளா எங்களுக்கும் தலைக்கு மூணு சேர்த்துச் சொல்லிட்டு வந்து, 'உன்னோடதையும் முடிச்சிட்டேம்மா, நீ போகவேண்டாம்'னு சொல்றா. ஆறு மாசம் அந்தச் சாமியார் முகத்துல நான் முழிக்கல."

அடுக்களையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது.

தையற்காரிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. காலையில் இவளை எழுப்புவதற்குள் தாவு தீர்ந்துபோகும், எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி, கோபம் வந்தால் கதவு பிழைக்காது என்று மடமடவென்று அவிழ்த்துவிட்டாள். எல்லாம் சத்தியம். மதர் ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் ஃபைலை மூடிவிட்டார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. பதினாறு பேர் ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற இடம். உங்க மகளுக்கு அந்தப் பொறுமை இருக்காதுன்னு தோணுது. இப்போதைக்கு வேண்டாம்."

நினைத்தது நடந்துவிட்டது. தையற்காரி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. தன் பிள்ளையைத் தான் ஆயிரம் சொல்லலாம். நேற்று வரை முகம் தெரியாத ஒருத்தர் சொல்வதா?

"பொறுமை இல்லையா? யாருக்கு? மேல்மாடியில ஒரு டீச்சர் இருந்தாங்க மதர். வயசாகி நினைவு தப்பிப்போச்சு. அவங்க மகன் வேலைக்குப் போனா, இவ ஸ்கூல் விட்டு வந்து துணைக்கு உட்காருவா. அப்ப பத்து வயசு. 'இன்னிக்கு என்ன கிழமை?'னு அந்தம்மா கேப்பாங்க. இவ சொல்லுவா. ரெண்டு நிமிஷத்துல திரும்பக் கேப்பாங்க. எல்லாம் இங்க மெஷின்கிட்ட எனக்குக் கேக்கும். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நாப்பத்தொரு தடவை. ஒரு தடவைகூட இவ குரல் உசரல. அப்பதான் முதல்ல கேட்ட மாதிரி, 'புதன்கிழமை டீச்சர்'னு சொல்லிட்டே இருந்தா. எனக்குக் கீழ உட்கார்ந்திருக்கும்போதே எரிச்சல் வந்துச்சு. ஒண்ணு ரெண்டு நாள் இல்ல மதர், மூணு வருஷம். அந்தம்மா பெத்த மகனையே மறந்துட்டாங்க, இவ காலடிச் சத்தம் கேட்டா மட்டும் சிரிப்பாங்க. யாரும் போகச் சொல்லல. நான் போகாதேன்னுகூடச் சொல்லிப் பார்த்தேன். அவளைப் போய்ப் பொறுமை இல்லைன்னு..."

என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் தையற்காரிக்கு உறைத்தது. அந்த டீச்சரைப் போன்றவர்கள் நிறையப் பேர் மதருடைய இல்லத்தில் இருப்பார்கள்.

மகள் டீத் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். வக்கீலுக்கு அன்று வாயே திறக்கவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது.

தையற்காரி வெட்டும் மேஜைமேல் கிடந்த சீருடைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். இந்தப் பிள்ளை தனக்கு மட்டும் பிறந்த பிள்ளையில்லை என்பது பதினோரு வருஷத்துக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

"ஃபைலைத் திறங்க மதர்."

மதர் திறந்தார்.

"பெத்தவளுக்குச் சம்மதம்னு எழுதுங்க."

மதர் எழுதினார்.

"சந்தோஷம் இல்லன்னும் எழுதுங்க. பொய் சொல்லி என் பிள்ளையை அனுப்ப முடியாது."

மதர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அதையும் எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தையற்காரி இரண்டு வரியையும் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.