பதினெட்டாம் மாடியிலிருந்து ஓடிவந்தவள்

அறுபத்தொன்பதாவது வயதில் நான் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ஷென்ஜென் நகரத்தில், பதினெட்டாவது மாடியிலிருந்து, பட்டப்பகலில். நாற்பது காவலர்கள் துரத்தினார்கள். எங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சிரைத்துத் திரும்பிப் போனார்கள். ஊரே இதை நம்புகிறது. நம்பாதவள் ஒருத்திதான்: ஓடிவந்தவள்.

பெயர் தோங்ஷியூ. நாற்பத்து மூன்று வருடமாக என் மனைவி.

பேரன் பான்பான் பிறந்தபோது, ஷென்ஜெனில் வேலை பார்க்கும் மகன் ஜியான்யே, "அம்மாவை ஆறு மாசம் அனுப்புங்கப்பா, குழந்தை தவழுற வரைக்கும்" என்றான். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, என்னைப் போலவே பொய் பேசவும் கற்றது. ஐந்து வருடமாகியும் அந்த ஆறு மாதம் முடியவில்லை. ஹுனான் மலையடியில் ஒற்றை ஆளாக ஒரு பானைச் சோற்றை மூன்று நாள் தின்றேன். யாரைக் குறை சொல்வது? ஓய்வு பெறும்வரை ஊரின் ஒரே பேருந்தை ஓட்டியவன் நான். ஜியான்யே உட்பட அத்தனை இளவட்டங்களையும் ரயிலடியில் கொண்டு இறக்கியதும் நானேதான்.

போன வசந்தத்தில் தவிட்டுக்குள் ஐந்நூறு முட்டை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். பதினான்கு மணி நேர ரயிலில் ஒன்றும் உடையவில்லை. இறங்கி எண்ணினால் இரண்டு கூடுதல்.

அங்கே அவள் பேரனோடு அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில். எனக்குக் கூடத்தில் சோபா. நடுவிலிருந்த சுவர் சீனப் பெருஞ்சுவரைவிடத் தடிமன்.

மகனிடம் கேட்டேன்: "அம்மாவைக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறேனே."

"ஏம்ப்பா, உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அதற்குப் பதில் சொல்ல எங்கள் வம்சத்தில் யாரும் கற்றுத்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகனும் மருமகளும் வீட்டிலிருந்தார்கள். தோங்ஷியூ குப்பைப் பையோடு கீழே இறங்கினாள். வாசலில் நான், கையில் இரண்டு டிக்கெட். அது இல்லாமல் ரயிலேற முடியாதென்று அவளுடைய அடையாள அட்டையை முதல் நாளே என் காலுறைக்குள் ஒளித்துவைத்திருந்தேன்.

"வர்றியா?"

"அரிசி ஊறப் போட்டிருக்கேன்யா, கிழவா."

"ஊறட்டும்."

அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். குப்பையைத் தரம் பிரித்து அந்தந்தத் தொட்டியில் போட்டாள். பிறகு வீட்டுச் செருப்போடு எனக்கு முன்னால் நடந்தாள். ரயிலில் என் தோளில் சாய்ந்து, எண்ணூறு சுரங்கப்பாதை தாண்டும்வரை தூங்கினாள்.

பத்தொன்பது நாள் இருந்தாள். காலையிலிருந்து என்னைத் திட்டினாள், வீடு நிறைந்துவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளில் வயலில் இரண்டு போகம் விளைந்தது. அங்கே மருமகள் விடுப்பெடுத்தே ஓய்ந்துபோனாள். இருபதாம் நாள் பான்பான் போனில் வந்தான். அழவில்லை. "பாட்டி, குப்பை போட்டுட்டு வர இவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்டான்.

அவளை நானே ரயிலேற்றிவிட்டேன்.

அவசரப் பல்வலி, பல் கட்டப் போனேன் என்று அங்கே சொல்லிவைத்தாள். அதையே பிடித்துக்கொண்டாள். நூடுல்ஸ் கடையில் நண்பர்கள் சூழ நான் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அதே பாட்டு.

போன வாரம் பேத்தி பிறந்தாள். "ஆறு மாசம்தாம்ப்பா" என்றான் ஜியான்யே.

இன்று கூப்பிட்டேன். திரையில் அவள் தோளில் குழந்தை. பின்னால் மகனும் மருமகளும். பக்கத்து வீட்டுக்காரன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"அண்ணி, இந்தக் கிழவன் சொல்றது நிஜமா? நீங்க ஓடி வந்தீங்களா?"

"பல்லு கட்ட வந்தேன்னு எத்தனை தடவை சொல்றது? அவரு வாயைத் திறந்தாலே புளுகு."

வழக்கமாக நான் விடமாட்டேன். இன்று தெம்பில்லை.

"ஆமாடா, புளுகுதான்," என்றேன். "அவ எதுக்கு ஓடி வரணும்? நானாக் கட்டின கதை."

கடையில் யாரும் சிரிக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"யாரு சொன்னது கதைன்னு?" என்றாள். பின்னால் மகன் நிமிர்ந்து பார்த்தான். அவள் திரும்பவில்லை. "அந்தக் காவலருங்க மட்டும் பொய். மத்ததெல்லாம் நடந்துச்சு. இந்த ஆளு கூப்பிட்டாரு, நான் ஓடித்தான் வந்தேன்."