சத்தம் கேட்காத ஜெபம்

கதவு உடையும்வரை எலியேசர் வாய் திறக்கவில்லை. எல்லா வினையும் அதனால்தான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். பட்டுக்கடையில் கணினி முன்னால் புடவைக் கரைகளுக்கு டிசைன் போடும் வேலை அவனுக்கு. வீடு திரும்பியதும் மகள் கீர்த்தியைப் பக்கத்து வீட்டுக் கமலாட்சியிடம் விட்டான். போனை அணைத்தான். உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

மனைவி ஜீவிதா காய்ச்சலில் போனபிறகு வந்த பழக்கம் இது. சபையார் மாலைதோறும் வந்தார்கள். பாடினார்கள், கைதட்டினார்கள், அவன் தலைமேல் கை வைத்து உரக்க ஜெபித்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் போனபின் அவனுக்குள் ஒன்றுமே மிஞ்சவில்லை. அவனும் வாய் திறந்து பார்த்தான். பழகிய வார்த்தைகள் தாமாகவே வந்தன. அவற்றில் அவன் இல்லை. அதனால் வார்த்தைகளை விட்டுவிட்டான். கடவுளுக்கு முன்னால் சும்மா இருக்கத் தொடங்கினான்.

அன்று ஜீவிதாவின் அக்கா மரியம்மாள் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திறங்கினாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது அறையைச் சாத்திக்கொண்டு ஜெபித்தால் கதவைத் தட்டமாட்டார்கள். உள்ளிருந்து குரல் கேட்கும். அது ஓயும்வரை வெளியே காத்திருப்பார்கள். மரியம்மாளும் கதவில் காதை வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அறைக்குள்ளிருந்து முணுமுணுப்புகூட இல்லை. கூப்பிட்டாள். தட்டினாள்.

அவனுக்குக் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம், மரியம்மாள் அண்ணி முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தான்.

அவள் அலறினாள். தறி நின்றது. கமலாட்சியின் கணவர் கலியாணசுந்தரம் கடப்பாரையோடு ஓடிவந்தார். தாழ் தெறித்து விழுந்தபோது எலியேசர் பாதி எழுந்திருந்தான். மரியம்மாள் முதலில் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

“உசுரோடதான கிற? ஒரு கொரல் குடுக்கக் கூடாதாபா? ஓடிக்கினு இருந்த நாடாவ அப்படியே தறியில போட்டுட்டு ஓடியாரேன்” என்றார் கலியாணசுந்தரம். கடப்பாரையைப் பார்க்கவே கூச்சப்பட்டவர்போல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்.

மரியம்மாள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. முன்கூடத்துக்குப் போய், பிள்ளையோடு வருவதாகக் கணவருக்குப் போன் பண்ணிவிட்டு, அலமாரியைத் திறந்து கீர்த்தியின் கவுன்களை எடுத்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த குழந்தை, ஆட்டோவில் போகிறோமா என்று சந்தோஷமாகக் கேட்டது.

“நீ சரியாவுற வரைக்கும் புள்ள எங்க வூட்ல இருக்கட்டும்” என்றாள் மரியம்மாள். “இல்லன்னா, இனிமே இந்த ரூம்ல அடைஞ்சிக்கமாட்டேன்னு சொல்லு. இப்பவே விட்டுட்டுப் போறேன்.”

சொல்லிவிடலாம். வெறும் வார்த்தைதானே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தை பைக்குள் தன் பொம்மையைத் திணித்துக்கொண்டிருந்தது.

“அங்க உக்காந்தாதான் அண்ணி, அவ செத்துட்டான்னே எனக்குத் தெரியுது. மத்த நேரம் தெரியல. நேத்துகூட அவளுக்கும் சேத்து டிபன் வாங்கியாந்துட்டேன்.”

மரியம்மாள் கை நின்றது. ஆனாலும் விடவில்லை.

“ஜெபம் பண்றியா, சும்மா குந்திக்கினு கிறியா?”

“சும்மாதான். அவரு முன்னால.”

“என்னா கேட்ட? அவரு என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் கேக்கல அண்ணி. அவரும் ஒண்ணும் சொல்லல.”

அவள் முகம் இறுகியது. சபை மூப்பர்கள் அவனை விசுவாசத்தில் பின்வாங்கிப்போனவன் என்று பேசிக்கொள்வது அவனுக்கும் தெரியும். இந்தப் பதில் அதற்கு முத்திரை போட்டுவிடும். ஒரே ஒரு தடவை தன்னோடு வந்து உட்காரும்படி கேட்டான். அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால் பிள்ளையைக் கூட்டிப்போகட்டும், தான் தடுக்கமாட்டேன் என்றான்.

“தாப்பாதான் ஒடஞ்சி கெடக்குதே, எப்படி அடைஞ்சிக்கிறது?” என்றாள். சிரிப்பில்லாமல் சொன்னாள். ஆனாலும் உள்ளே வந்தாள்.

இருவரும் எதிரெதிர்ச் சுவர்களில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணை மூடிய உடனே அவள் உதடு அசைந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வேகவேகமாகச் சொன்னாள். அவன் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் மறுபடி தறி ஓடத் தொடங்கியது. அவள் போன் அடித்தது; பார்க்காமலே அமர்த்தினாள். ஸ்தோத்திரத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பிறகு சொல் வரவில்லை. தங்கையின் அடக்கத்தன்று ஊருக்கே தைரியம் சொல்லிப் பாடியவள், இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவன் எழுந்து போய்த் தேற்றவில்லை. தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

கீர்த்தி வாசலில் வந்து நின்றாள். “பெரிம்மா, தூங்கிறீங்களா?”

மரியம்மாள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். “பேசாம இரு கண்ணு” என்றாள்.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. போன் மறுபடி அடித்தது. இந்த முறை எடுத்தாள். அவள் கணவர் கத்துவது எலியேசருக்கும் கேட்டது. எத்தனை தடவை கூப்பிடுவது, அங்கே என்ன நடக்கிறது, பிள்ளையோடு கிளம்பியாயிற்றா, இல்லையா?

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இல்லீங்க. புள்ள அவங்க அப்பாகிட்டயே இருக்கட்டும்” என்றாள். “ஜெபத்துல இருந்தோம். அதான் எடுக்கல.”