கை தட்டாத மச்சான்

இனோக்கேயின் இடது காதுக்குள் ஒரு பூச்சி குடிவந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. நிஜப் பூச்சியாக இருந்தால் எண்ணெய் விட்டு வெளியே எடுத்திருப்பான். இது வெறும் சத்தம். ஈ... என்று ஒரே சுருதியில், மூச்சு வாங்காமல், சாப்பிடும்போதும் ஜெபிக்கும்போதும், பெண்டாட்டியோடு சண்டை போடும்போதும்கூட. அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பான். கூடவே இன்னொரு வினையும் வந்து சேர்ந்தது. வெளியே இருக்கிற சத்தமெல்லாம் ஊசியாக மாறிவிட்டது. தட்டில் கரண்டி பட்டால் தாடை வரைக்கும் சுண்டி இழுத்தது. சேவல் கூவினால் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினான்.

ஊரில் சத்தமில்லாத இடம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! விடிந்தும் விடியாததுமாக சர்ச் வாசலில் லாலியை அடிப்பார்கள். பேர்தான் லாலி, தாலாட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆள் நீள மரத்தைக் குடைந்து, இரண்டு கட்டையால் அடித்தால், ஆற்றுக்கு அக்கரையிலும் தூக்கம் போகும். அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்புறம் தகரக் கூரையில் மழை. சாயங்காலமானால், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை இரும்பு உரலில் போட்டு வீட்டுக்கு வீடு இடிப்பார்கள். அந்த ணங் ணங் சத்தம் கேட்டால்தான் முன்பெல்லாம் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். இப்போது அதே சத்தம் கேட்டால் ஆற்றுப் பக்கம் நடையைக் கட்டினான்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குள் நாலு நடை, வாசலுக்கு ஒரு நடை, மாமரத்தடிக்குப் போய் நின்று மறுபடி உள்ளே. ஆற்றில் தண்ணீர் பாறையில் மோதி இறங்குகிற இடத்தில் மட்டும் பூச்சி கொஞ்சம் மங்கும். அங்கேயும் பத்து நிமிஷம்தான். பிறகு, போயிருக்குமோ என்று சோதித்துப் பார்க்க எழுந்து வருவான். போயிருக்காது. ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து புல்லில் தடமே விழுந்துவிட்டது.

சுகாதார நிலையத்து நர்ஸ் லோசனா விளக்கடித்துக் காதைப் பார்த்தாள்.

"சவ்வு ஆறிடுச்சு அண்ணா. உள்ளே நரம்புதான் அடிபட்டிருக்கு. சுவா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கேன், முறை வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இப்படிப் பஞ்சை அடைச்சுக்கிட்டே திரியாதீங்க. அடைக்க அடைக்கக் காது இன்னும் கூச்சப்படும். தண்ணி ஓடுற மாதிரி, ஃபேன் ஓடுற மாதிரி மெல்லிசா ஏதாவது சத்தம் பக்கத்துல இருக்கட்டும். மத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க."

"இது போயிடுமா போகாதா?"

"சில பேருக்குக் குறையும். சில பேர் அதோட பழகிக்குவாங்க. ஆமா, எப்படி ஆச்சு?"

"தெரியல," என்றான் இனோக்கே.

பச்சைப் பொய். எப்படி ஆனது என்று அவனுக்கு நிமிஷக் கணக்கோடு தெரியும்.

புது வருஷத்தன்று மதியம். தொடை தண்டி மூங்கிலில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சூடாக்கி, துளையில் தீயைக் காட்டி வேட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கிலுக்குச் சொந்தக்காரன் கித்தியோனே, இனோக்கேயின் தாய்மாமன் மகன். "மச்சான், அடைச்சுக்கிச்சு போலிருக்கு, கொஞ்சம் குனிஞ்சு பாரேன்," என்றான். இவன் குனிந்தான். அவன் தீயைக் காட்டினான். டமார்! இனோக்கே சேற்றில் விழுந்தான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இனோக்கேயும் காதைப் பொத்திக்கொண்டே சிரித்தான், எல்லாரையும்விடச் சத்தமாக.

வேறென்ன செய்வான்? மச்சான் விளையாட்டுக்குக் கோபப்படுகிறவனை எந்த ஊரும் மதிக்காது. இந்த ஊரில் அது சட்டம் மாதிரி. மச்சான் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு போகலாம், உன் மூக்கைப் பாட்டாகப் பாடலாம், உன்னை ஆற்றில் தள்ளலாம். நீ சிரிக்க வேண்டும், சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மானம் போய்விடும். அதனால் பெண்டாட்டி உனைசியைத் தவிர யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று நினைத்தான், பாவம்.

முடித்துவிட்டிருக்கலாம், கைதட்டு மட்டும் இல்லாதிருந்தால். பாயில் வட்டமாக உட்கார்ந்து யங்கோனா குடிக்கும்போது, கிண்ணம் யார் கைக்குப் போகிறதோ அவனுக்காகக் கையைக் குழித்துத் தட்ட வேண்டும். குடித்து முடித்ததும் மொத்தப் பாயும் சேர்ந்து மூன்று தட்டு. ஒவ்வொரு தட்டும் மண்டைக்குள்ளேயே வெடித்தது. இரண்டு சாயங்காலம் தாக்குப்பிடித்தான். மூன்றாம் நாள் கித்தியோனே குடித்துவிட்டுக் கிண்ணத்தை வைத்தான். எல்லாரும் தட்டினார்கள். இனோக்கே கையை மடியில் வைத்தபடி எழுந்து வெளியே போய்விட்டான்.

பாய் முழுக்கப் பார்த்தது. மச்சான் குடித்த கிண்ணத்துக்குக் கை தட்டவில்லை!

அன்றிலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. மலைத் தோட்டத்து எல்லைத் தகராறு என்றார் ஒருவர். கிறிஸ்துமஸ் பன்றியில் தலைக்கறி வராத கோபம் என்றார் இன்னொருவர். இவனோ சர்ச்சில் பாட்டு ஆரம்பித்தால் வெளியே போய் நின்றான். பாதிரியாரோடும் கோபமாம் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கடை வாசலில் கித்தியோனே இவனைப் பார்த்துவிட்டுத் தெருவே அதிரக் கத்தினான்: "டேய் பன்னி மூஞ்சி! என்னடா, மகாராஜா கீழே இறங்கி வந்திருக்காரு!" இனோக்கேயின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. முகம் கோணியது. பேசாமல் திரும்பி நடந்துவிட்டான்.

மறுநாள் ஆற்றுப் பாதையில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். கித்தியோனே ஒதுங்கி நின்று தலையைக் குனிந்தான்.

"வாங்க. நல்லா இருக்கீங்களா?"

வாங்க! நாற்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இனோக்கே ஏதோ முனகிவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"போய்ச் சொல்லேன்யா," என்றாள் உனைசி. அவள் தகரத் தட்டுகளையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு மரத்தட்டில் மரவள்ளிக்கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள். "மச்சான், உன் வேட்டால என் காது போச்சுன்னு சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்ன ஆகும்? விளையாட்டுக்குப் போயி அழுவுறான்னு சிரிப்பாங்க. இல்லேன்னா அவன் இடிஞ்சு போயிடுவான். ரெண்டும் எனக்கு வேணாம். திங்கக்கிழமை நான் மலைத் தோட்டத்துக் குடிசைக்குப் போயிடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"அங்க சத்தம் இல்ல."

"அந்தப் பூச்சி இங்கேயே தங்கிடுமா? அதுவும் உன்கூடத்தானே வரும்? போறதுன்னா நீ போ. நான் வரமாட்டேன்."

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து இன்னும் கை கழுவவில்லை, உனைசி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"வர்றாங்க. பத்திருபது பேர் இருக்கும். முன்னால கித்தியோனே. கையில திமிங்கலப் பல்லு."

இனோக்கேக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. திமிங்கலப் பல்லைக் கையில் ஏந்தி வந்தால் மன்னிப்புக் கேட்க வருகிறார்கள் என்று அர்த்தம். வாங்கிக்கொண்டால் எல்லாம் தீர்ந்தது. வாங்காவிட்டால் பேரன் காலம் வரைக்கும் பகை. வாங்கினால், மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கை தட்டும். இந்தச் சின்ன வீட்டுக்குள்! அவன் பின்வாசலைப் பார்த்தான். உனைசி போய் வாசலை அடைத்து நின்றாள்.

"இன்னைக்கு நீ ஆத்துக்கு ஓடினா, திரும்பி வர்றப்போ உனக்கு ஊர் இருக்காது. உக்காருய்யா."

உட்கார்ந்தான். அவர்கள் கும்பிடுவதுபோல் குனிந்து வந்து வாசலோரம் அமர்ந்தார்கள். கித்தியோனே முழங்காலால் ஊர்ந்து முன்னால் வந்தான். மழுமழுவென்று மஞ்சளேறிய பல், இரண்டு பக்கமும் கயிறு.

"ஐயா, தப்பு எங்க மேலதான். டிசம்பர்ல உங்க குதிரையக் கேக்காம ஓட்டிட்டுப் போனேன். நொண்டியாக் கொண்டாந்து விட்டேன். அதை நீங்க மனசுல வச்சிருக்கீங்க. வேற எதுவும் இருந்தாலும் இந்தப் பல்லோட அது கீழே விழட்டும். எங்க வீட்டுல சோறு இறங்கல ஐயா."

குதிரையா! அதை நொண்டியாக்கினது இவன்தான் என்பதே இனோக்கேக்கு இப்போதுதான் தெரியும். சிரிப்பு வர வேண்டிய இடம்; வந்தது ஆத்திரம். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. கோபமே இல்லை, வெறும் காதுதான் என்று எட்டு வாரமாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். கோபம் இருந்தது. மலை மாதிரி இருந்தது. அந்தப் பூச்சி கத்துகிற ஒவ்வொரு நிமிஷமும் இந்த முகத்தைத்தான் மனசுக்குள் போட்டு மிதித்திருக்கிறான்.

கையை நீட்டிப் பல்லை வாங்கினான். அந்தக் கணமே வாசலோரம் இருபது ஜோடிக் கைகள் குழித்துக்கொண்டு மேலே எழுந்தன.

இனோக்கே பல்லை மடியில் போட்டுவிட்டு இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டான்.

யாரோ "ஐயையோ!" என்றார்கள். திமிங்கலப் பல்லின் முன்னால் காதைப் பொத்துகிறவனை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. கைகள் அந்தரத்தில் நின்றன. கித்தியோனேயின் முகத்தில் ரத்தமில்லை.

"குதிரை இல்லடா," என்றான் இனோக்கே. "மூங்கில். உன் மூங்கில். அன்னையிலேருந்து இந்தக் காதுக்குள்ள ஈ-ன்னு ஒண்ணு கத்துது, நிக்கவே மாட்டேங்குது. நீங்க கை தட்டினா கத்தி சொருகின மாதிரி இருக்கு. அதான் எந்திரிச்சுப் போனேன். அதான் பாட்டுக்கு வரல. கடை வாசல்லயும் அதான்."

கித்தியோனே குனிந்த தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தான்.

"நீ சிரிச்சியேடா மச்சான்."

"மச்சான்கிட்ட வேற என்னடா பண்ணுவாங்க?"

"இப்பவும் கேக்குதா?"

"இப்பவும்."

"என்னதான் சொல்லுது?"

"எட்டு வாரமா உன்னைத்தான் திட்டுது."

கித்தியோனே சிரிக்கவில்லை. அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தொடைமேல் இறக்கினார்கள். பல்லை வாங்கியாகிவிட்டது, ஆனால் கை தட்டாமல் அது வாங்கினதாகாது. எல்லாருக்கும் அது தெரியும். என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

இனோக்கே பல்லை எடுத்து முன்னால் வைத்தான். தன் கைகளைக் குழித்துக்கொண்டான். மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று தட்டினான். வலித்தது. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்த வலி, அவனே கொடுத்தது. இரண்டு. மூன்று. மூன்றாவது தட்டில் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது கித்தியோனே வலது பக்கம், நல்ல காதின் பக்கம், முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மெதுவாகப் பேசி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு காதோரம் குனிந்து, பிள்ளையை எழுப்பாமல் பேசுகிறவன் மாதிரி முணுமுணுத்தான்:

"வாடா செவிட்டுப் பன்னி. ஆத்தங்கரைக்குப் போவோம். கை தட்டாம குடிக்கலாம்."

பூச்சி கத்திக்கொண்டுதான் இருந்தது. இனோக்கே பல்லை உனைசியிடம் கொடுத்துவிட்டு, மச்சான் தோளைப் பிடித்து எழுந்தான்.