குளியலறைச் சுவரில் ஒரு கூடுதல் கால்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை ஒரு பெருமையாகவே இத்தனை வருடம் சுமந்து திரிந்தேன். வேலையில் கறாராக இருப்பவளுக்குக் கோபம் வரத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த, சுவருக்குள் நிமிர்ந்து நிற்கும் கால்களையும் குறுக்கே போகும் உத்தரங்களையும் திருகாணியால் இணைத்து வீடு கட்டும் நிறுவனத்தில் நான் வரைபடம் போடுகிறேன். செங்கல் வீடு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பூசி மறைத்துவிடலாம். இதில் அந்தக் கதையே நடக்காது. நான் கணினியில் போடும் ஒவ்வொரு காலும், ஒவ்வொரு துளையும் அப்படியே எந்திரத்துக்குப் போய், வெட்டி மடிந்து, எண் போட்டு வெளியே வரும். சைட்டில் எனக்குப் பட்டப்பெயர் மில்லிமீட்டர். காதுபடச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எனக்குத் தெரியும். உள்ளூரச் சந்தோஷம்தான்.

அந்தக் கால்களைக் கோத்து வீடாக நிறுத்தும் குழுவுக்குத் தலைமை ஃபிட்டர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதைச் சொந்தக்காரர்களிடம் ஒரு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். வீட்டில் அவரை "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்போம். என் தங்கை கூப்பிடுகிற மாதிரியே அவரும் என்னை அக்கா என்பார்.

இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் முதல் நாளே ஒன்று சொல்லித் தருவோம். மாடியின் உத்தரம் ஒவ்வொன்றும் கீழே ஒரு காலின் தலைமேல்தான் உட்கார வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே உட்காரக் கூடாது. சுவரின் மேல்விளிம்பில் ஓடுகிற தகடு பிஸ்கட் டப்பா மூடி மாதிரி, நடுவில் அழுத்தினால் அமுங்கிவிடும்.

அந்த மாடிவீட்டுக்குச் சொந்தக்கார அம்மா, வேலை பாதியில் இருக்கும்போது ஒரு ஆசையைச் சொன்னார். கீழ்க் குளியலறைச் சுவரில் சோப்பு, பாட்டில் எல்லாம் வைக்க அகலமாக ஒரு மாடம் வேண்டுமாம். இடைஞ்சலாக இருந்த ஒரு காலை ஒன்றரைச் சாண் தள்ளி வரைந்து அனுப்பினேன். ஐந்து நிமிட வேலை.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாவோடு சைட்டுக்குப் போனேன். மாடம் வரவேண்டிய இடத்தில், நட்டநடுவே ஒரு கால் நின்றுகொண்டிருந்தது. என் வரைபடத்தில் இல்லாத கால்.

"என்னங்க, எனக்கு மாடம் கேட்டா கம்பி எண்ண வெச்சிருக்கீங்க?" என்று அந்த அம்மா சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"இந்தக் கால் எங்கேருந்து வந்துச்சு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"நான்தான் வெச்சேன்க்கா. அன்னிக்கு உங்களுக்குப் போன் அடிச்சேன், நீங்க…"

"வரைபடத்துல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இல்லதான். ஆனா மேல பாத்தீங்கன்னா…"

"மேல கீழன்னு எனக்கே பாடம் எடுக்காத! எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் எல்லாம் டிசைன் பண்ண ஆரம்பிச்சா அப்புறம் நான் எதுக்கு?"

ஐந்து ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். திருகாணி முடுக்கும் சத்தம் நின்றுபோனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார். மேடம்! எனக்கு உறைத்ததா? இல்லை. அப்படிக் கூப்பிட்டால்தான் சைட்டில் மரியாதை என்றுகூட நினைத்தேன்.

மேலாளருக்கு அறிக்கையும் எழுதினேன். வரைபடத்தை மீறினார், அனுமதி கேட்கவில்லை, காலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் அது சின்னக் குற்றம் இல்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வந்து சைட் அட்டையை ஒப்படைக்கும்படி அவருக்குத் தகவல் போனது. அட்டை போனால் அப்புறம் எந்தச் சட்டகத்தையும் தொட முடியாது.

தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. அவரு மூணு நாளா யார்கூடவும் பேசல."

"வேலைன்னா வேலை, சொந்தம்னா சொந்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்றேன். எவ்வளவு நியாயமாகப் பேசிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரே திருப்தி.

வியாழக்கிழமை காலையில், அந்தக் கூடுதல் காலை எடுப்பதை நின்று பார்க்கப் போனேன். மாப்பிள்ளையின் குழுவில் ஒல்லி என்று ஒரு பையன்தான் எடுத்தான். பையன் என்றால் முப்பது வயது, எலும்பும் தோலுமாக இருப்பதால் அந்தப் பெயர். மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு திருகாணிகளையும் கழற்றினான். இழுத்தான். கால் வரவில்லை. தோளால் முட்டினான். அசையவில்லை.

"சும்மா நிக்கிற காலுன்னா கையோட வந்திரும் மேடம். இது கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றான்.

"சுத்தியலால தட்டு."

ஒரு தட்டு தட்டினான். மேல்தகடு டப்பென்று ஒரு சத்தம் போட்டது. அப்போதுதான் நான் தலையைத் தூக்கினேன்.

மாடித்தளத்து உத்தரம் நேராக அந்தக் காலின் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கும் மேலே சுவர்ப்பலகைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். கீழே காலை ஒன்றரைச் சாண் தள்ளிய நான், மேலே உத்தரத்தைத் தள்ள மறந்திருக்கிறேன். முதல் நாள் பாடம்! பதினாறு வருடமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற பாடம்!

"நிறுத்து! தொடாத!" என்று கத்தினேன். ஒல்லி திருகாணிகளைத் திரும்ப முடுக்கினான். அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

நான் குனிந்து, காலின் மடிப்புக்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். மார்க்கரால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: "மேலே உத்தரம். எடுக்கக் கூடாது. அக்காவைக் கேட்கணும்." பக்கத்தில் தேதி.

என் போனில் அந்தத் தேதியைத் தேடினேன். அவரிடமிருந்து மூன்று அழைப்புகள், பத்துப் பத்து நிமிட இடைவெளியில். அன்று வேறொரு வீட்டின் கூரை வரைபடத்தில் மூழ்கியிருந்தேன். பெயரைப் பார்த்துவிட்டு, ஏதாவது குடும்ப விஷயமாக இருக்கும் என்று போனைக் கவிழ்த்து வைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

அலுவலகம் வந்து வரைபடத்தைத் திறந்தேன். காலை அதன் இடத்தில் போட்டேன். மாடத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். வரைபடத்தின் மூலையில் ஒரு பட்டியல் இருக்கும். எப்போது திருத்தினோம், யார் திருத்தியது, காரணம் என்ன என்று மூன்று கட்டம். காரணம் என்ற கட்டத்தில் "சைட் நிலவரப்படி கூடுதல் கால்" என்று அடித்தேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவரை மன்னித்துவிடும்படி மேலாளரிடம் பெரிய மனதோடு பரிந்து பேசினால் நல்ல பெயரும் எனக்கே. இப்படி ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தூ!

"அக்காவைக் கேட்கணும்" என்பது கண்ணை விட்டுப் போகவில்லை. அடித்ததை அழித்துவிட்டு, "வரைந்தவர் தவறு. ஃபிட்டர் கண்டுபிடித்துச் சரிசெய்தார்" என்று எழுதி, மேலாளர், தொழிற்சாலை, சைட், வீட்டுக்கார அம்மா என்று எல்லாருக்கும் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் என்னை நிற்க வைத்தே பேசினார். இனிமேல் என் வரைபடம் எதுவும் இன்னொருவர் சரிபார்க்காமல் வெளியே போகக் கூடாது என்றார். அந்த இன்னொருவர் என்னிடம் தொழில் படித்தவள். சரி என்றேன். மாப்பிள்ளை ஒப்படைக்க நீட்டிய சைட் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, "உங்க மேல தப்பில்லப்பா, போய் வேலையைப் பாருங்க" என்றார். அவர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

வண்டி நிறுத்துமிடம்வரை பின்னாலேயே ஓடினேன்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். நான் அன்னிக்குப் பேசுனது ரொம்பத் தப்பு. அத்தனை பேர் முன்னாடி… என்னை மன்னிச்சிருங்க."

"பரவால்ல மேடம்."

"மேடம்னு சொல்லாதீங்க, நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு. நீங்க மூணு தடவை போன் அடிச்சிருக்கீங்க. நான்தான் எடுக்கல."

அவர் வண்டியின் இருக்கையைக் கையால் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒண்ணு கேக்கட்டுமா? எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "திட்டியிருப்பேன். போட்டிருக்கிறபடி மாட்டுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"ஆமா. நீங்க சொன்னப்புறம் மீற முடியாது. அந்தக் காலை வெச்சிருக்க மாட்டேன்" என்றார். "அதான் நாலாவது தடவை அடிக்கல."

வண்டியைக் கிளப்பினார். ஒல்லி சைட்டில் காத்துக்கொண்டிருப்பான், நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.