கொக்கரிக்கிற கோழிக்கு என்ன விலை?

ஜெசிந்தா தன்னுடைய ஆறு கோழிகளை என்னிடம் ஒப்படைத்ததற்கு ஒரே காரணம், நாங்கள் அவற்றைத் தின்ன மாட்டோம் என்பதுதான்.

கல்பாக்கம் குடியிருப்பில் அவள் எங்களுக்கு அடுத்த வீடு. தொண்ணூற்றெட்டில் அவள் கணவர் ஏசுதாஸுக்குத் திடீரென்று ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. அவ்வளவு தூரம் ரயிலில் கோழிகளை எப்படிக் கொண்டுபோவது?

"இந்த வரிசையிலயே கோழியப் பாத்து நாக்கு ஊறாத வீடு உங்களுதுதான் டீச்சர். முட்டைக்கு வளக்கறவங்களாப் பாத்து வித்துருங்க. குழம்புக்கு மட்டும் குடுத்துராதீங்க. விலைய நீங்களே நியாயமாப் போடுங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் கணவர் உப்பிலி மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன சுந்தரவல்லி, நம்மாத்துல கோழியா?"

"ஆத்துல இல்லேன்னா, கொல்லையில" என்றேன்.

நான் எட்டாம் வகுப்புக்கு லாப நஷ்டக் கணக்கு நடத்துகிறவள். அடக்க விலை, விற்ற விலை இரண்டையும் புத்தகமே கொடுத்துவிடும். அந்த விலையை விற்கிறவர் எப்படி முடிவு செய்தார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். இப்போது நானே விலை போட வேண்டும், அதுவும் ஒரு முட்டையைக்கூடத் தொட்டுப் பார்க்காத நான்.

முதலில் வந்தவர் சதுரங்கப்பட்டினத்தில் கறிக்கடை வைத்திருக்கும் ராஜேந்திரன். ஒரு கோழியைத் தூக்கிக் கையாலேயே எடை பார்த்தார். "ஒண்ணு எழுவது ரூபான்னு ஆறையும் எட்த்துக்கிறேன் டீச்சரம்மா. உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எழுபது ரூபாய் சதைக்கு விலை. அப்படியென்றால் இனிமேல் இடப்போகும் முட்டைக்கு? கோழியை விற்பது என்றால் இன்னும் வராத ஒன்றையும் சேர்த்தல்லவா விற்கிறோம்! பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்பு. முட்டை என்ன விலை, தீவனம் என்ன விலை, எத்தனை வருஷம் இடும் என்று பால்காரர் முதல் பள்ளிக்கூட ஆயா வரை எல்லோரையும் குடைந்தெடுத்தேன். வாங்குகிறவருக்கும் நாலு காசு மிஞ்ச வேண்டும், ஆனால் குழம்பு வைக்கிறவருக்குக் கட்டுப்படியாகக் கூடாது. கடைசியில் நூற்று முப்பதில் வந்து நின்றேன். இந்த விலையே கோழிகளுக்குக் காவல் என்று எனக்கு என்மேல் ஒரே பெருமை.

அந்த விலைக்குச் சரி என்று வந்தவள் ஷபானா. புதுப்பட்டினத்தில் ரவிக்கை தைப்பவள், என் ரவிக்கைகளையும் அவள்தான் தைக்கிறாள். மிஷினோடு முட்டை வியாபாரமும் இருந்தால் பிள்ளைகள் பீஸுக்கு ஆகும் என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே செவலைக் கோழி முட்டையிட வைத்திருந்த வைக்கோல் பெட்டியிலிருந்து குதித்து, கொக்கரித்து ஊரைக் கூட்டியது. ஜெசிந்தா அதற்கு ராணி என்று பெயர் வைத்திருந்தாள்.

"இன்னா சத்தம் பாருங்க டீச்சர்! இதான் நல்லா முட்டை வுடுற கோழி. இதுக்கு மட்டும் இருவது ரூபா சேத்தே தர்றேன்." ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு ஆசை. கோழி எப்படித்தான் முட்டையிடும்? பார்த்ததே இல்லையே! மறுநாள் காலை காபி டம்ளரோடு பெட்டிக்கு எதிரே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். சாம்பல் நிறக் கோழி ஒன்று வைக்கோலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு பாதி எழுந்தது. ஈரமாக ஒரு முட்டை விழுந்தது. கோழி சத்தமே போடாமல் இறங்கிப் போய்விட்டது. அடுத்து ராணி ஏறி அந்த முட்டைமேல் கொஞ்சநேரம் உட்கார்ந்தது. இறங்கியதும் கூரை பறக்கிற மாதிரி கொக்கரித்தது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் ஆசிரியர் அறையிலும் இப்படி ஒருத்தி உண்டு.

பிறகுதான் ஷபானா சேர்த்துத் தருவதாகச் சொன்ன இருபது ரூபாய் நினைவுக்கு வந்தது. ராணியை மட்டும் தனியாக ஒரு கூடையால் கவிழ்த்து மூடி, ஞாயிறு வரை வைத்துப் பார்த்தேன். தீவனம் காலியாயிற்று, சத்தமும் குறையவில்லை. முட்டையை மட்டும் காணோம். உண்மையைச் சொன்னால் ஷபானா வாங்க மாட்டாள், ராணி ராஜேந்திரன் தராசுக்குப் போகும். சொல்லாவிட்டால் தையல் காசைக் கொடுத்து அவள் வெறும் சத்தத்தை வாங்குவாள். ஜெசிந்தா முகமும் ஷபானா முகமும் மாறி மாறி வந்து என்னைப் படுத்தின.

ஞாயிறன்று ஷபானா பணத்தை நீட்டியதும் சொல்லிவிட்டேன். முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேள சொன்னீங்க டீச்சர். அது வோணாம், அஞ்சு போதும்" என்று மற்றவற்றைக் கூடையில் கட்டிக்கொண்டு போனாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மூக்கில் வேர்த்த மாதிரி ராஜேந்திரன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். "ஒண்ணு மீந்து போச்சா? அதே எழுவது தர்றேன், குடுங்க." கையை நீட்டினார். ராணி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"அது வித்துப்போச்சு" என்றேன்.

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

உள்ளே உப்பிலி கையிலிருந்த பேப்பர் நழுவியது. ராஜேந்திரன் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "முட்டையே போடாத கோழியை வெச்சுண்டு என்னடி பண்றது?"

"நாமதான் முட்டையே சாப்பிடறதில்லையேன்னா. இந்த ஊர்லயே இதுக்கு ஏத்த இடம் நம்மாத்துக் கொல்லைதான்."

நழுவிய பேப்பரைக் குனிந்து எடுத்துக்கொண்டார்.

விற்கிறவளும் நான், வாங்குகிறவளும் நான். யாரிடம் பேரம் பேசுவது? அதற்கும் நூற்று முப்பது வைத்து, ஷபானா கொடுத்ததோடு சேர்த்து ஜெசிந்தாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். முட்டையிடாத கோழிக்கு அது நியாய விலையா என்று கேட்டால், முட்டை வேண்டாத வீட்டுக்கு நியாயம்தான்.

மறுநாள் காலை ராணி கொல்லையில் கொக்கரித்தது. திருமண் இட்டுக்கொண்டிருந்த உப்பிலி பாதியில் விட்டுவிட்டு ஓடினார். குனிந்து பெட்டியில் வைக்கோலை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

நிமிர்ந்து ராணியைப் பார்த்து, "சமத்து" என்றார்.