டி.டி.ஆர். கல்லறைக்குச் சம்பங்கி மாலை

கல்லறைத் திருநாளன்று காலை ஏழு மணிக்கே உக்கடத்தில் ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள் ஃபெமினா. அத்தையிடம் சொல்லவில்லை. நியூசிலாந்திலிருந்து ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க அத்தை" என்று கேட்டபோதெல்லாம் சாராள் அத்தைக்கு முட்டிவலி வந்தது, மழை வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள். கடைசியாக நேற்று, "நாளைக்குக் கூட்டம் நெரியும் கண்ணு, அடுத்த வாரம் போலாம்" என்றாள்.

ஐந்து வயதில் அப்பா பாக்கியசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியவள் ஃபெமினா. அம்மா செத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வயதில் ஏன் திரும்பினாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் வேலை என்று சொல்லிவைத்தாள். உண்மையில், இந்த நாட்டில் அவளுக்கென்று இருந்தது ஆறடி இடம்தான். அதற்காகத்தான் வந்தாள்.

யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. ஒன்பது வருடமாக இதே நாளில் அத்தை வீடியோ காலில் காட்டிய இடம்தானே. வேப்பமரம், பின்னால் நீலச்சுவர், மூலை உடைந்த சிமெண்டு மேடை, தலைமாட்டில் பெயரை மூடிக்கொண்டு சம்பங்கி மாலை. போனை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு அத்தை தள்ளிப் போய்விடுவாள். ஃபெமினா அம்மாவிடம் பேசுவாள். பரீட்சையில் தோற்றதை, ஒருவனோடு வாழ்ந்து பிரிந்ததை, அப்பாவுக்குத் தெரியாத எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னாள்.

மேடைக்கு ஒரு பெண் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏனுங்க, இது எங்கம்மா கல்லறைங்க."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "இல்லீங்களே அம்மணி. இது எங்கப்பா."

தலைமாட்டுக் கல்லில் இன்று மாலை இல்லை. புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த எழுத்துகள் பளபளத்தன. ஃபெமினா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஜேக் துரைராஜ். ஓய்வுபெற்ற டி.டி.ஆர்., ஈரோடு ஜங்ஷன்.

"மாலை..." என்றாள். "வருசா வருசம் சம்பங்கி மாலை..."

அந்தப் பெண் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அவள் பெயர் ஷைலா. "அடப்பாவிகளா, அது நீங்கதானுங்களா? நாங்க வாரதுக்குள்ள யாரோ மாலை போட்டுட்டுப் போயிருப்பாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் எங்கப்பாவச் சந்தேகப்பட்டுச்சுங்க. 'எந்த ரயில்ல புடிச்ச சிறுக்கியோ'ன்னு இந்தக் கல்லறை முன்னால நின்னு திட்டும். செத்த மனுசன் என்னத்த பதில் சொல்லுவாரு?"

ஃபெமினாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பது வருடம் ஒரு டி.டி.ஆரிடம் அழுதிருக்கிறாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. சாராள் அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்யாமலே ஓட்டமும் நடையுமாக வந்தாள். முட்டிவலியைக் காணோம்.

"சொல்லாமப் பொறப்பட்டுப்போட்டியே கண்ணு..."

"எங்கம்மா எங்க?"

"வா, ஊட்டுல போயி நெதானமாப் பேசிக்கலாம்."

"எங்கம்மா எங்கங்க அத்தை?" கத்தும்போதும் மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சுற்றி மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை கை நீட்டினாள். நாலு வரிசை தள்ளி, கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புக் கிரானைட். அதில் இருந்தது அத்தையின் கணவர் வின்ஸ்டன் மாமாவின் தாயார் பெயர்.

"மாமியார் செத்தப்ப இடமே கெடைக்கல. சொந்தத்துக்குள்ள பழைய குழியத் தொறந்து வெக்கறது வழக்கந்தான் சாமி. உங்கம்மாவும் உள்ளதான் இருக்கறா."

"செரி. வெச்சுக்குங்க. பேரு எங்க?"

அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"இம்மாம் பெரிய கல்லுல எங்கம்மா பேருக்கு எடமில்லீங்களா?"

"மாமா வேண்டாம்னுட்டாரு. புவனான்னு சாமிகும்பிடறவங்க பேரு எதுக்கு நம்ம கல்லுலன்னு..."

காங்கேயத்தில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்த புவனா, பாக்கியசாமியைக் கட்டிக்கொண்ட அன்றே பெற்றவர்களுக்கு இல்லாமல் போனவள். பிறந்த வீட்டில் அவள் படம் கிடையாது. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டார்கள். அவளைத் தங்கள் பெண் என்று சொல்லாத அந்தக் குடும்பத்துக்குப் பதிலாக, இந்தக் குடும்பமாவது ஒரு கல்லில் சொல்லியிருந்தது. அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

"அதுக்கு இந்த மனுசர எனக்கு அம்மான்னு காட்டுவீங்களா? மாலையத் தூக்குங்க, பேரப் பாக்கணும்னு ஒருக்காக் கேட்டனே. போட்ட மாலைய எடுக்கக் கூடாதுன்னீங்க."

"நானா செஞ்சேன்? உங்கப்பன்தான்..." அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பாதி வெளியே வந்துவிட்டது, மீதியை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. "அவன்கிட்டக் கேட்டுத்தான் தொறந்தோம். செரின்னான். 'புள்ளைக்குச் சொல்லாதக்கா, தாங்க மாட்டா, ஏதாவது ஒண்ணக் காட்டு'ன்னான்."

ஏதாவது ஒண்ண.

"பழைய கல்லு?" என்று கேட்டது ஷைலாதான். "பேரு போட்ட கல்லு இருந்திருக்குமுங்களே?"

அத்தையின் கண் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் உடனே திரும்பியது. ஃபெமினா நடந்தாள். குழாயடியில், சேறாகாமல் இருக்க, ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு பெரியவர் பக்கெட்டை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கெட்டைத் தூக்கித் தள்ளி வைத்தாள். பாதித் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. பாசியைக் கையால் தேய்த்தாள். பு. வ. னா. பத்து வருடப் பக்கெட்டுகள் சுழிகளைத் தேய்த்திருந்தன. ஆனால் உளி இறங்கிய பள்ளம் இருந்தது.

"அட, இதென்னம்மா? தண்ணி புடிக்கோணுமில்ல?"

"வேற எடத்துல புடிங்க."

"வேற எடத்துல ஏது கொழாய்?"

"அப்ப நில்லுங்க."

பின்னாலேயே வந்த ஷைலா கறுப்புப் பெயிண்ட் டப்பாவையும் சின்னப் பிரஷ்ஷையும் பக்கத்தில் வைத்தாள். தன் சேலையால் கல்லின் ஈரத்தைத் துடைத்தாள்.

"கண்ணு, நானும் தொடைக்கறேன்" என்று அத்தை குனிந்தாள்.

"தொடாதீங்க."

ஃபெமினா போனை எடுத்து அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். அங்கே மத்தியானம். மூக்குக்கண்ணாடியோடு அப்பாவின் முகம் வந்தது. "என்ன கண்ணு, அம்மாகிட்டப் போயிட்டியா?" என்றார் சிரித்தபடி. அந்தச் சிரிப்பை அவள் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. போனைக் குழாயில் சாய்த்து வைத்தாள், அத்தை வைப்பாளே அப்படி. ஆனால் தள்ளிப் போகவில்லை.

"பாருங்கப்பா. கொழாயடி. எல்லாரும் பக்கெட் வெக்கற கல்லு."

அப்பாவின் சிரிப்பு நின்றது. திரையில் அவர் கை எதையோ தேடியது.

"கட் பண்ணாதீங்க. பண்ணினா நான் மறுபடியும் கூப்பிடுவேன். ஏதாவது ஒண்ணக் காட்டச் சொன்னீங்களாமே? காட்டறேன்."

வரிசையில் காலிக் குடங்கள் கூடின. யாரோ முணுமுணுத்தார்கள். அவள் பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து முதல் எழுத்தின் பள்ளத்தில் வைத்தாள்.

"மூணு எழுத்துதான். முடியற வரைக்கும் பாருங்க."